ஜெர்மன் நிறுவனம் நீட்டும் உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் 22 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. ஆண்டு வருமானம் சுமார் 6 கோடி ரூபாய். வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களைப் படித்து, மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் ஏஐ மென்பொருளை ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்குச் செய்துகொடுக்கிறோம். அவர்கள் அதைத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். எங்கள் பெயரிலேயே நெதர்லாந்தில் இரண்டு வாடிக்கையாளர்களும் உண்டு. வீடியோ நேர்காணலில் முகபாவத்தை வைத்துப் பதற்றத்தையும் தன்னம்பிக்கையையும் கணிக்கும் வசதியும் இருக்கிறது. 'ஐரோப்பிய ஏஐ சட்டத்தை முழுமையாகப் பின்பற்றுவோம், மீறினால் உங்களுக்கு வரும் நஷ்டம் அனைத்தையும் ஈடுகட்டுவோம்' என்று எழுதித் தரச் சொல்கிறது ஜெர்மன் நிறுவனம். தகராறு வந்தால் பிராங்பேர்ட்டில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் விசாரணை). இந்தியாவில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்றைக் கேள்வியின் நடுவே போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: அந்த முகபாவ வசதி.

பணியிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை முகம், குரல் வழியாகக் கணிக்கும் ஏஐயை அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவு தடை செய்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் இந்தத் தடை அமலில் இருக்கிறது. நேர்காணலுக்கு வருபவருக்கும் இது பொருந்தும் என்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் பதிப்பிலிருந்து அந்த வசதியை அடியோடு எடுத்துவிடுங்கள். அணைத்துவைத்த சுவிட்சாக விட்டுவைத்தால் என்றைக்காவது யாராவது போட்டுவிடுவார்கள். எடுத்த தேதியை மூன்று வாடிக்கையாளர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்றால், பொருந்தும். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை 2-வது பிரிவு பார்ப்பதில்லை. ஏஐ தரும் முடிவு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயன்பட்டால் போதும். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் 'அதிக ஆபத்து' பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. அமேசான் உள்ளுக்குள் செய்து பார்த்த இப்படியொரு கருவி, பெரும்பாலும் ஆண்களுடைய பழைய ரெஸ்யூமேக்களில் பயின்றதால் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது 2018-ல் செய்தியானது. 'கடைசி முடிவு எச்ஆர் கையில்தானே' என்ற வாதமும் இங்கே எடுபடாது. சின்னச் சின்ன உதவி வேலைகளுக்கு 6-வது பிரிவில் விலக்கு உண்டு என்றாலும், தனிமனிதரை எடைபோட்டு மதிப்பிடும் கருவிக்கு அது கிடைக்காது. நீங்கள் மதிப்பெண்ணே போடுகிறீர்கள்.

அப்புறம், பொறுப்பு யாருடையது? சட்டம் கேட்பது 'யார் பெயரில் சந்தைக்கு வருகிறது' என்பதை. தனக்காகச் செய்யச் சொல்லி, தன் பெயரில் விற்கும் ஜெர்மன் நிறுவனம்தான் அந்தப் பொருளுக்கு 'வழங்குநர்', அதாவது சட்டத்தின் முக்கியக் கடமைகளைச் சுமப்பவர். நீங்கள் அவர்களுக்கு மென்பொருள் சப்ளை செய்பவர். தேவையான தகவலையும் தொழில்நுட்ப அணுகலையும் எழுத்து ஒப்பந்தப்படி தர வேண்டும், 25-வது பிரிவு அவ்வளவுதான் கேட்கிறது. அவர்கள் நீட்டும் காகிதம், தங்கள் தலையில் சட்டம் வைத்த மூட்டையை உங்கள் தலைக்கு மாற்றுகிறது.

நெதர்லாந்து வாடிக்கையாளர்கள் விஷயத்தில் கதை வேறு. அங்கே நீங்களே வழங்குநர். பயிற்சித் தரவில் பாரபட்சம் இருக்கிறதா என்று சோதிப்பது, மென்பொருளின் செயல்பாட்டுப் பதிவுகளை வைப்பது, மனிதர் குறுக்கிட வழி செய்வது, தொழில்நுட்ப ஆவணங்களை 10 ஆண்டு பாதுகாப்பது, ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துமூலம் நியமிப்பது, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை, ஒன்றியத்தின் தரவுத்தளத்தில் பதிவு எல்லாம் உங்கள் வேலை. ஆனால் உங்கள் வகை மென்பொருளுக்கு வெளி அமைப்பின் சான்று தேவையில்லை, சுயமதிப்பீடு போதும். 'ஏஐ சட்டச் சான்றிதழ் கட்டாயம், லட்சக்கணக்கில் ஆகும்' என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி பணக் கணக்கு. அதிக ஆபத்து விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய வருமானத்தில் 3 சதவீதம். தடைசெய்ததைச் செய்தால் 3.5 கோடி யூரோ அல்லது 7 சதவீதம். பெரிய நிறுவனங்களுக்கு இரண்டில் எது அதிகமோ அது, சிறு நிறுவனங்களுக்கு எது குறைவோ அது. உங்கள் 6 கோடி ரூபாய்க்கு 18 லட்சம், 42 லட்சம் ரூபாய் என்று வருகிறது. அதையும் இங்கே வசூலிப்பது லேசல்ல. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவில் ஜெர்மனி பரஸ்பர நாடாக (அந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இங்கே நேரடியாக அமல்படுத்தக்கூடிய நாடாக) அறிவிக்கப்படவில்லை, அபராதத்துக்கு அந்தப் பிரிவு செல்லவும் செல்லாது.

ஆர்பிட்ரேஷன் தீர்ப்பு அப்படியல்ல. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான நியூயார்க் உடன்படிக்கையின்படி பிராங்பேர்ட் தீர்ப்பை இங்கே உயர் நீதிமன்றத்தில் வைத்து அமல்படுத்தலாம். சட்டமே உங்களுக்கு உச்சவரம்பு போட்டிருக்க, உச்சவரம்பே இல்லாத கடனை நீங்களாகக் கையெழுத்திட்டு வாங்கலாமா? எனக்குப் பயம் 'நஷ்டம் அனைத்தையும் ஈடுகட்டுவோம்' என்ற அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான்.

மறுவரைவு அனுப்புங்கள். அவர்கள் பெயரில் விற்பதற்கு அவர்களே வழங்குநர் என்று முதல் பத்தியிலேயே இருக்கட்டும். 'முழுமையாக' என்ற சொல்லை அடித்துவிட்டு, எந்த ஆவணம், எந்தச் சோதனை அறிக்கை, எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுதுங்கள். நஷ்டஈட்டுக்கு அந்த ஒப்பந்தத்தின் ஓராண்டுக் கட்டணத்தை உச்சவரம்பாக வையுங்கள். அவர்கள் மென்பொருளை மாற்றினாலோ தவறாகப் பயன்படுத்தினாலோ பொறுப்பு அவர்களுடையது.

தேதியையும் எண்ணில் எழுதாதீர்கள். அதிக ஆபத்து விதிகளுக்குச் சட்டம் முதலில் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 2. அதைத் தள்ளிவைக்க 2025 நவம்பரில் ஆணையம் முன்மொழிந்தது. ஆகவே 'அந்தந்த விதி பொருந்தும் நாளிலிருந்து' என்றே எழுதுங்கள். முகபாவத் தடைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.