கசப்பு கூடினால் தரம் கூடுமா? – பாவனையாளர் கேள்வி-பதில்

ஆடி, ஆவணி விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவினர்கள் திரும்பிச் சென்றதும், அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களைப் பற்றிய கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பாதி பியரைப் பற்றியவை என்பதால் இந்தப் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கனடாவிலிருந்து வந்த மைத்துனர் நான்கு ரின் பியர் தந்தார். மதுசாரம் 9 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்தாகக் கசக்கிறது. ஒரு ரின் நம் காசில் ஆயிரம் ரூபாய்க்கு மேலாம். இன்று உலகில் உயர்ந்த பியர் இதுதானாம். பிழை என் நாக்கிலா, பியரிலா? – வாசகர், வவுனியா

உங்கள் நாக்கில் பிழையில்லை. மைத்துனரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கசப்பு ஹொப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ பகுதியிலிருந்த ஹொட்சன் ஆலையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பியரில் ஹொப்ஸைத் தாராளமாகச் சேர்த்தார்கள். பியரைப் புளிக்கச் செய்யும் பக்டீரியாக்களை அது அடக்கி வைக்கும் என்பதால், மாதக்கணக்கான கடற்பயணத்தைப் பியர் தாங்கியது. நம் பனங்கள்ளுக்கு அப்படியொரு காவல் இல்லாததால்தான் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடுகிறது. ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பியர் வகையின் பெயர் அந்தக் கப்பல் வணிகத்திலிருந்து வந்ததே. அதைச் சுருக்கித்தான் ரின்னில் ஐ.பி.ஏ. என்று எழுதுகிறார்கள்.

ஆகவே, கசப்புக்கு முதலில் ஒரு வேலை இருந்தது. 1972இல் அமெரிக்காவில் கஸ்கேட் என்ற ஹொப்ஸ் இனம் வெளியானபோது அதில் தோடம்பழத் தோலை நினைவூட்டும் வாசனை இருந்தது; சிறு ஆலைகள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன. 1994இல் கலிபோர்னியாவின் டெமெகுலா நகரிலிருந்த பிளைண்ட் பிக் ஆலையில் ஹொப்ஸை இருமடங்காக்கிக் காய்ச்சினார்கள். ஹொப்ஸைக் கூட்டினால் அந்தக் கசப்பைத் தாங்க முளைகட்டிய பார்லியையும் கூட்ட வேண்டும். பார்லியிலுள்ள சர்க்கரை நொதித்தால் மதுசாரமும் கூடும். கசப்பும் வெறியும் கைகோத்து ஏறிய காரணம் இதுதான்.

இவ்வளவும் நியாயமான தேடல் என்றே கருதுகிறேன். அதன் பிறகு நடந்தது எண் பந்தயம். கசப்பை அளக்க ஐ.பி.யூ. என்றோர் அலகு உண்டு. ஒரு லீற்றரில் கசப்புப் பொருள் ஒரு மில்லிகிராம் இருந்தால் ஏறத்தாழ ஒரு ஐ.பி.யூ. இந்த அளவு நூற்றைத் தாண்டிய பின் பெரும்பாலானோரின் நாக்கு வேறுபாட்டை அவ்வளவாக அறியாது. இருந்தும் ஆயிரம் என்று பெயரிலேயே போட்டு விற்றவர்கள் உண்டு. 2010இல் ஸ்கொட்லாந்தின் புரூடோக் ஆலை, பியரை உறையவைத்து நீரைப் பனிக்கட்டியாகப் பிரித்தெடுத்து, 41 சதவீத மதுசாரம் கொண்ட ஒன்றை ‘நான்கு மடங்கு ஐ.பி.ஏ.’ என்று விற்றது. சாராயத்தையும் விஞ்சிய ஒன்றைப் பியர் என்று அழைப்பது எல்லை மீறல்தான்; வாங்குகிறவர் தான் குடிப்பது என்னவென்று அறிவதற்குப் பெயர் ஒன்றே முதல் வழி. 7, 8 சதவீதத்தில், வாசனைக்காக ஹொப்ஸைக் கடைசியில் சேர்த்துப் பக்குவமாகச் செய்த பியரை நான் மனமாரப் பாராட்டுவேன். ஆனால் அந்த வாசனை வெப்பத்தில் விரைவாக அழிந்துவிடும். எனவே எஞ்சிய மூன்று ரின்களையும் இன்றே பிரிட்ஜில் வையுங்கள். ஒன்றை இருவர் சிறு கிளாசில் பகிர்ந்து, இந்த மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பச்சைப் போத்தலில் வந்த வெளிநாட்டுப் பியரைத் திறந்ததும் ஒரு துர்நாற்றம் வீசியது. கடைக்காரர் ‘அதன் இயல்பே அப்படித்தான்’ என்கிறார். – வாசகர், மாங்குளம்

அது இயல்பல்ல. ஹொப்ஸின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உருவாகும். அந்த நாற்றம் அதனுடையது. பழுப்புப் போத்தல் வெளிச்சத்தைப் பெரிதும் தடுக்கும், ரின் முற்றாகத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுப்பது மிகக் குறைவு. கண்ணாடி அலுமாரியில், வீதியைப் பார்த்தபடி, பிற்பகல் வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் போத்தலை அழகு கருதி வாங்கக் கூடாது. நீங்கள் அதை அறியாமல் வாங்கியவர்; பிழை அங்கே அடுக்கி வைத்தவருடையது. பற்றுச்சீட்டுடன் போத்தலையும் எடுத்துச் சென்று மாற்றித் தரும்படி கேளுங்கள்.

இந்த ஏமாற்றத்தை நானும் பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில், பெறாமகனின் திருமணத்துக்கென்று, இறக்குமதியான ஐ.பி.ஏ. போத்தல்கள் ஆறை என் ஒரு மாதப் பால் காசுக்கும் கூடுதலான விலை கொடுத்து வாங்கினேன். நாள்பட்டால் மதுவின் சுவை கூடும் என்ற நம்பிக்கையில், தகரக் கூரையின் கீழிருந்த அறையில் எட்டு மாதம் வைத்திருந்தேன். திருமணத்தன்று திறந்தபோது நனைந்த கடதாசி மட்டையின் சுவைதான் வந்தது. அடியில் அச்சிட்டிருந்த திகதியை அன்றுதான் படித்தேன். நான் வாங்கிய நாளிலேயே அதற்கு ஒரு வயது கடந்திருந்தது. ஸ்டவுட் என்ற கறுத்த, கடுமையான பியர் சில ஆண்டுகள் கிடந்து மேம்படலாம். ஹொப்ஸ் வாசனைக்காக வாங்கும் பியர் மீனைப் போன்றது. புதிதாக இருந்தால்தான் அதற்கு அந்த விலை தகும். இதைத் தெரிந்தே பழைய சரக்கை முழு விலைக்கு விற்கும் கடைகள் மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. திகதியைப் போத்தலின் அடியில், கறுப்பின் மேல் கறுப்பாக, பூதக்கண்ணாடி கொண்டு தேடும் அளவில் அச்சிடுவதும் வாங்குபவருக்குச் செய்யும் அநீதியே. சதவீதத்தைப் பெரிதாகப் போட இடமிருந்தால் திகதிக்கும் இடமிருக்கும்.

பாதி விலை என்றதால் 24 ரின் கடும் பியர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் திகதி கடந்துவிட்டது. பற்றுச்சீட்டும் வாங்கவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், கிளிநொச்சி

காலாவதியான பொருளை விற்றது குற்றம், அதை முறையிடலாம். ஆனால் எங்கே வாங்கினீர்கள் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது? பாதி விலை என்றதும் ஏன் என்று கேட்காமல், ஒரு ரின்னையாவது புரட்டிப் பார்க்காமல் பெட்டியோடு தூக்கி வந்தவருக்கு என்னால் இதற்கு மேல் வழி சொல்ல முடியவில்லை.

போத்தலில் அச்சிட்ட விலைக்கு மேல், ‘குளிராக்கும் செலவு’ என்று கூடுதல் பணம் வாங்குகிறார்கள். – வாசகர், மல்லாவி

கொடுக்காதீர்கள். ஆகக்கூடிய சில்லறை விலை குறிக்கப்பட்ட பொருளை அதற்கு மேல் விற்க, குளிராக்கியது ஒரு காரணமாகாது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, விலை தெரியும்படி போத்தலைப் படமெடுத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடுங்கள். நாட்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்குகிறவரிடம் இப்படிப் பறிப்பதைச் சிறு தொகை என்று விட்டுவிடக் கூடாது.

என் கணவர் சாராயத்தை விட்டுவிட்டார். இப்போது மாலையில் இரண்டு கடும் பியர் மட்டும். ‘பியர்தானே’ என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் போகிறார். நான் பயப்படுவது தேவையற்றதா? – வாசகி, புதுக்குடியிருப்பு

உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது, சகோதரி. இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் லயன் லாகரில் 4.8 சதவீதம் மதுசாரம். லயன் ஸ்ட்ரோங்கில் 8.8 சதவீதம். 500 மில்லிலீற்றர் கடும் பியர் ஒன்றில் 44 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது, இரண்டில் 88. அதே அளவு 33.5 சதவீதச் சாராயத்தில் கிடைக்க 260 மில்லிலீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும். அதாவது ஒரு கால் போத்தலும் இன்னொன்றில் ஏறத்தாழ பாதியும். அவர் சாராயத்தை விடவில்லை. அதை நீரில் கரைத்துக் குடிக்கிறார். இவ்வளவு மதுசாரத்தை உடல் கழித்து முடிக்க ஏழு மணித்தியாலமாவது செல்லும். அதற்குள் வண்டியின் திறப்பு அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனத்தோடுதான் சாராயத்தைக் கைவிட்டிருக்கிறார் என்று நம்புகிறேன். ‘பியர்’ என்ற ஒரே சொல்லால் சாதாரண பியரையும் கடும் பியரையும் விற்பவர்கள் அந்த முயற்சியை வீணாக்கிவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

எனக்கு வயது 19. கடையில் பியர் தர மறுத்துவிட்டார்கள். முறையிடலாமா? – வாசகர், நெடுங்கேணி

முடியாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக் கூடாது. அந்தக் கடைக்காரர் சரியாக நடந்திருக்கிறார்.

இணையத்தில் ஹொப்ஸும் மோல்ட்டும் (முளைகட்டிய பார்லி) சேர்ந்த பொதி விற்கிறார்கள். வீட்டிலேயே காய்ச்சலாமா? – வாசகர், ஒட்டுசுட்டான்

வேண்டாம். வெளிநாட்டில் அது பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றம். பொதியை விற்பவர் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.