இருவழி ஸ்பீக்கருக்கு வூஃபரும் ஹார்னும் தேர்ந்தெடுப்பது எப்படி? – கேள்வி பதில்

வீட்டிலேயே இருவழி ஒலிபெருக்கி (தாழ் ஒலிக்கு வூஃபர், உச்ச ஒலிக்கு ஹார்ன் என இரண்டு யூனிட் கொண்டது) செய்ய முனைந்திருக்கும் சென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி (வேளச்சேரி): ஐயா, 12 அங்குல வூஃபர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் ஒவ்வொரு கடையிலும் ஹார்னின் பின்னால் பூட்டும் ஒரு கம்ப்ரஷன் டிரைவரைக் காட்டி வாட் கணக்குச் சொல்கிறார்கள். எதைச் சேர்ப்பது?

பதில்: வாட் கணக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஹார்னில் பொருத்திய கம்ப்ரஷன் டிரைவர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 105 முதல் 110 டெசிபல் வரை தரக்கூடியது. கூடத்தில் கேட்பதற்கு அதுவே மிக அதிகம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, வூஃபர் எந்த அதிர்வெண்ணில் ஒலியை ஹார்னிடம் ஒப்படைக்கப்போகிறது என்பதுதான்.

அதிர்வெண் ஏற ஏற, வூஃபரிலிருந்து வரும் ஒலி பக்கவாட்டில் பரவாமல் முன்பக்கமாகக் குவிந்துகொண்டே போகும். 12 அங்குல வூஃபரில் அசையும் பகுதியின் விட்டம் சுமார் 26 செ.மீ. நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். இவற்றை வைத்துக் கணக்கிட்டால், 1300 ஹெர்ட்ஸ் வாக்கில் அதன் பரவல் 90 டிகிரியாகச் சுருங்கும். அந்த இடத்தில் 90 டிகிரி ஹார்ன் பொறுப்பேற்றுக்கொண்டால், நேரே அமர்ந்திருப்பவருக்கும் ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கும் பாடகரின் குரல் ஒரே தன்மையோடு கேட்கும். மாறாக 3000 ஹெர்ட்ஸ் வரை வூஃபரை இழுத்தால், ஓரத்தில் இருப்பவருக்குக் குரலின் நடுப்பகுதி மங்கிப்போய், அதற்கு மேல் ஸகரங்கள் மட்டும் தூக்கலாக வந்து விழும். எந்த ஈக்வலைசராலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் ஈக்வலைசர் எல்லாத் திசைகளையும் ஒன்றாகவே ஏற்றி இறக்குகிறது.

இதே கணக்கில் 10 அங்குலத்துக்கு 1650 ஹெர்ட்ஸும் 15 அங்குலத்துக்கு 1050 ஹெர்ட்ஸும் வரும். 1981இல் வெளிவந்த ஜேபிஎல் 4430 ஸ்டுடியோ மானிட்டரில் 15 அங்குல வூஃபரையும் ஹார்னையும் 1000 ஹெர்ட்ஸில் சேர்த்திருந்தார்கள் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது 1300 ஹெர்ட்ஸில் திணறாத டிரைவர். 25 மி.மீ. வாய்ஸ் காயில் (சவ்வை அசைக்கும் கம்பிச் சுருள்) கொண்ட சிறிய டிரைவர்கள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நிம்மதியாக வேலை செய்யும். 44 மி.மீ. வாய்ஸ் காயிலும் ஒரு அங்குலத் தொண்டையும் (ஒலி வெளிவரும் துளை) உள்ள டிரைவரைக் கேளுங்கள்; தயாரிப்பாளர் தரும் தாளில் குறைந்தபட்ச கிராஸோவர் அதிர்வெண் (வூஃபர் ஹார்னிடம் ஒலியை ஒப்படைக்கும் இடம்) என்ன என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): ‘90×40’ என்று அச்சிட்ட ஹார்ன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 12 அங்குல அகலம், 6 அங்குல உயரம். வாங்கலாமா?

பதில்: அச்சிட்ட எண்ணைவிட (பக்கவாட்டில் 90 டிகிரி, மேலும் கீழுமாக 40 டிகிரி பரவல் என்பது அதன் பொருள்) ஹார்னின் வாய் அளவே உண்மையைச் சொல்லும். ஒலிபெருக்கிப் பொறியாளர் டான் கீல் 1975இல் வெளியிட்ட எளிய சூத்திரம் இன்றும் உதவுகிறது: 10 லட்சத்தை, டிகிரியும் அங்குல அளவும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், எந்த அதிர்வெண் வரை கீழிறங்கி ஹார்ன் தன் பரவலைக் கட்டுக்குள் வைத்திருக்கும் என்பது தெரியும். உங்கள் ஹார்னின் அகலத்துக்கு இது ஏறக்குறைய 925 ஹெர்ட்ஸ். 1300இல் சேர்ப்பதற்கு மிகவும் பொருத்தம். உயரத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 4170 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே ‘40 டிகிரி’ என்பது வெறும் எழுத்துதான். வீட்டில் எல்லோரும் அமர்ந்தே கேட்பதால் இது பெரிய குறையல்ல, வாங்கலாம்.

வாங்கும்போது டிரைவரைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஒரு அங்குல டிரைவரிலேயே மரை வைத்துத் திருகும் வகை, 76 மி.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட், 57 மி.மீ. வட்டத்தில் மூன்று போல்ட் என மூன்று விதங்கள் உண்டு. பொருத்தியபின் ஹார்னின் வாய்க்குள் டார்ச் அடித்து, இரண்டும் சேரும் இடத்தில் படி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிறு படிகூட 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைக் கரடுமுரடாக்கும்.

கேள்வி (திருவான்மியூர்): என் வூஃபர் 96 டெசிபல், டிரைவர் 108. ஒரே ஆம்ப்ளிஃபையரில் இயக்கினால் ஹார்ன் காதைக் குத்துகிறது.

பதில்: 12 டெசிபல் வித்தியாசம் என்பது சுமார் 16 மடங்கு சக்தி, குத்தாமல் இருந்தால்தான் வியப்பு. டிரைவர் 8 ஓம் என்றால், தொடராக 6 ஓமும் டிரைவருக்கு இணையாக 2.7 ஓமும் வைத்தால் அந்த 12 டெசிபல் குறையும், கிராஸோவருக்கும் (ஒலியை வூஃபருக்கும் ஹார்னுக்கும் பிரித்துத் தரும் மின்சுற்று) 8 ஓமே தெரியும். பரவலைச் சீராக வைக்கும் ஹார்ன்களில் 3500 ஹெர்ட்ஸ் வாக்கிலிருந்து உச்ச ஒலி சரியத் தொடங்குவது இயல்பு. அதை ஈடுகட்ட, 6 ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 6.8 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும், அதனோடு தொடராக 2 ஓமும் சேருங்கள். அந்த 2 ஓமை விட்டுவிட்டால் உச்ச அதிர்வெண்களில் ஆம்ப்ளிஃபையர் வெறும் 2 ஓமைச் சுமக்க நேரும்.

கேள்வி (அம்பத்தூர்): மூடிய பெட்டி நல்லதா, துளை வைத்த பெட்டியா?

பதில்: மேடைக்கான வூஃபர் என்றால் துளை வைத்த பெட்டிதான். Fs (வூஃபரின் ஒத்ததிர்வு) 45 ஹெர்ட்ஸ், Qts (அந்த ஒத்ததிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்னும் எண்) 0.35, Vas (வூஃபரின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் அளவு) 80 லிட்டர் கொண்ட வூஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டியில் Qtc (பெட்டியோடு சேர்ந்த Q) 0.7 வேண்டுமானால் 26 லிட்டரே போதும். ஆனால் ஒத்ததிர்வு 91 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், மிருதங்கத்தின் இடந்தலை மெலிந்து போகும்.

கேள்வி (பட்டினப்பாக்கம்): கடற்காற்றுக்கு எந்தப் பலகை?

பதில்: ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட். பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதிவிடும். வூஃபரின் விளிம்பும் ஃபோமாக இல்லாமல் துணியாக இருக்கட்டும். ஃபோம் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாளடைவில் பொடிந்துவிடும்.

கேள்வி (கொளத்தூர்): திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியின் யூனிட்டைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அது பேச்சு தெளிவாகத் தூரம் போய்ச் சேருவதற்காகச் செய்யப்பட்டது. ஜால்ராவின் உச்ச ஒலி அதில் வராது.

கேள்வி (குரோம்பேட்டை): எல்லாம் பூட்டியாயிற்று. வூஃபரும் ஹார்னும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று எப்படி அறிவது?

பதில்: கிராஸோவர் லிங்க்விட்ஸ்-ரைலி 24 டெசிபல் வகை (ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் ஒலியைச் சரிக்கும் வடிவமைப்பு) என்றால் நம்பகமான சோதனை ஒன்று உண்டு. டிரைவரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பூட்டி, காது உயரத்தில் மைக்கை வைத்து அளவெடுங்கள். கிராஸோவர் அதிர்வெண்ணில் ஆழமான பள்ளம் விழ வேண்டும். பள்ளம் ஆழமில்லாமல் இருந்தாலோ ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, இரண்டு ஒலிகளும் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை என்று பொருள். டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) இருந்தால், முந்தி வரும் யூனிட்டுக்கு 0.05 மில்லி விநாடி வீதம் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போய், பள்ளம் மிக ஆழமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒயர்களைப் பழையபடி மாற்றிப் பூட்ட மறக்காதீர்கள்.