சட்டப் பேராசிரியர் அமைச்சரானால் போதைக் கும்பல்களை அடக்க முடியுமா?

ஈக்வடாரைப் பாருங்கள். சட்டம் கற்பித்த குற்றவியல் வழக்கறிஞர் மோனிகா பலென்சியா 2023 நவம்பரில் அங்கே அமைச்சரானார். உள்துறையும் அவர் பொறுப்பில் வந்தது. கொகெயின் அதிகம் உற்பத்தியாகும் கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவே இருக்கும் நாடு அது. குவாயாகில் துறைமுகத்திலிருந்து ஐரோப்பா போகும் வாழைப்பழக் கன்டெய்னர்களில் சரக்கை ஒளித்து அனுப்புகிறார்கள். நாட்டின் நாணயமே அமெரிக்க டாலர் என்பதால், பணம் மாற்றும் தலைவலிகூட கும்பல்களுக்கு இல்லை.

2024 ஜனவரி 9 அன்று, நேரலை ஓடிக்கொண்டிருந்த டிவி நிலையத்துக்குள்ளேயே கும்பல்காரர்கள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். அன்றே 22 கும்பல்களைப் பயங்கரவாத அமைப்புகள் என அறிவித்து அரசு ராணுவத்தை இறக்கியது. சரி, அது மட்டும் போதுமா? போதாது என்பேன். அதைவிட ஏப்ரல் வாக்கெடுப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சொந்தக் குடிமக்களையும் வெளிநாட்டு நீதிமன்றங்களிடம் ஒப்படைக்க மக்கள் சம்மதித்தார்கள். உள்ளூர்ச் சிறையிலிருந்தே கும்பலை நடத்திய தலைவர்களுக்கு அந்த வசதி வெளிநாட்டுச் சிறையில் கிடைக்காது.