'ஷூட்', 'சப்ஜெக்ட்' என்று பேசுவது, மனிதர்களைப் படமெடுக்கும் விதத்தை மாற்றுமா?

கட்டாயம் மாற்றும். ஆனால் எல்லோரும் குறைசொல்லும் 'ஷூட்'டைவிட, படமெடுக்கப்படும் ஆளைக் குறிக்கும் 'சப்ஜெக்ட்'தான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பேன்.

வேட்டைச் சொற்கள் புகைப்படத்துக்குள் நுழைந்து வெகுகாலம் ஆகிறது. நிதானமாகக் குறிபார்க்காமல் சட்டென்று சுடுவதற்கு வேட்டைக்காரர்கள் வைத்திருந்த 'ஸ்னாப்ஷாட்' என்ற சொல்லை 1860இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி புகைப்படத்துக்குப் பயன்படுத்தினார். 1882இல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பறவைகள் பறக்கும் விதத்தை ஆராயத் துப்பாக்கி வடிவத்திலேயே கேமரா செய்தார். விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம். அதனால் ஒரு பறவையும் சாகவில்லை. நம் ஊரில் 'ஷூட்டிங்' என்றால் யாருக்குத் துப்பாக்கி ஞாபகம் வருகிறது?

'சப்ஜெக்ட்' அப்படியில்லை. சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் கூட்டமாகப் படமெடுக்க, 'போட்டோ வாக்' போகிறவர்களின் பேச்சைக் கவனியுங்கள். "அந்த மூக்குத்தி பாட்டி செம சப்ஜெக்ட்டுடா, லைட் சூப்பரா விழுது!" பாட்டி அப்போது வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பார். முகத்துக்கு நேரே நாலு லென்ஸ் நீளும். முந்தானையை இழுத்து மறைத்தால், "நேச்சுரலா இருங்க பாட்டி" என்பார்கள். ஒருமுறை ஓர் அம்மா ஐஸ் அள்ளுவதை நிறுத்திவிட்டு, "மீனு வாங்க வந்தியா, என்னை வாங்க வந்தியா?" என்று கேட்டார். அந்தப் பையன்கள் நிமிரவில்லை. ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

பெயர் தெரியாமலே ஒருவர் முகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோக முடியும். 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், கூலித் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாமில் டொரோதியா லாங்கே என்ற புகைப்படக்காரர் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தின் குறிப்பில் ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்று இருந்தது. பெயர் இல்லை. தான் பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே எழுதியிருக்கிறார். அந்தத் தாய் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரியவந்தது 1978இல்தான். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார் அவர். படம் நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டதுதான். அதன் பிறகு அந்த முகாமுக்கு உணவும் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அவருடைய கசப்பில் நியாயம் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேளுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். போகாது. முதல் இரண்டு படத்துக்கு விறைப்பாக நிற்பார்கள், அப்புறம் வியாபாரம் அவர்களை இழுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்ன படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.