அலுவலர் வரும்போது தம்பியைப் பேச விடுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. இன்னும் நான்கு மாதத்தில் 21 முடிந்துவிடும். டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். போன வருடம் கிரிக்கெட் விளையாடிய இடத்தில் நடந்த தகராறில் ஒரு பையனை ஸ்டம்பால் அடித்துவிட்டான். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. இதற்கு முன் அவன் மேல் எந்த கேஸும் கிடையாது. மாஜிஸ்திரேட் அவனைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு, தண்டனையை அறிவிக்காமல் நன்னடத்தை அலுவலரிடம் (புரொபேஷன் ஆபீசர்) அறிக்கை கேட்டிருக்கிறார். அலுவலர் வீட்டுக்கு வருவாராம். “அதுவரைக்கும் பையனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடு, அக்கம்பக்கத்தில் நல்லபடியாகச் சொல்லச் சொல்லி வை” என்கிறார் மாமா. அம்மாவோ, “ஜெயிலுக்குப் போனாலும் பரோலில் எடுத்துவிடலாமாமே” என்கிறார். தம்பி சனிக்கிழமைகளில் குடிப்பான். அதை அலுவலரிடம் சொல்லலாமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அம்மாவின் நம்பிக்கையைச் சரி செய்துவிடுவோம். பரோல் என்பது தண்டனை பெற்று உள்ளே போனவர்களுக்கானது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அதை விடுப்பு என்றே கொடுக்கிறார்கள். சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு வகை. சில நாள் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும். உங்கள் தம்பிக்கு இப்போது திறந்திருப்பது வேறு கதவு. அவன் சிறைக்கே போகாமல் இருப்பதற்கான வழி அது.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்தான் அந்த வழி. அதன் 6-ஆம் பிரிவு 21 வயது நிரம்பாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஆயுள் தண்டனை அளவுக்குப் போகாத குற்றமாக இருந்தால், அவர்களைச் சிறைக்கு அனுப்புவது எளிதில் செய்யக்கூடிய காரியமாக இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கருதினால், ஏன் என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும். உங்கள் வீட்டுக்கு அவர் வருவது இதற்காகத்தான், பயப்படாதீர்கள்.

வயது விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பது இங்கே கணக்கில் வராது. விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வாய்தா மேல் வாய்தா வாங்கி நான்கு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் இந்த வாரமே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். தப்பித் தவறி 21 தாண்டிவிட்டாலும் எல்லாம் முடிந்துபோகாது. தண்டனையை அறிவிக்காமல், நல்லபடி நடந்துகொள்வேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவதுதான் நன்னடத்தைப் பிணை. அதற்கு வழி செய்யும் 4-ஆம் பிரிவுக்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் 6-ஆம் பிரிவு தரும் கூடுதல் பாதுகாப்பு கையை விட்டுப் போய்விடும்.

மாமா சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் பாசத்தில்தான் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் நன்னடத்தைப் பிணையில் விடுவதற்கு முன் நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, இவருக்கோ இவருக்கு ஜாமீன் நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான வேலையோ இருக்கிறதா என்பது. இரண்டுமே உங்கள் தம்பிக்கு இருக்கிறது. அவனைத் திருப்பூருக்கு அனுப்பினால் இரண்டையும் நீங்களே பிடுங்கிப் போட்டதாகிவிடும். அலுவலர் வந்து கேட்கும்போது “பையன் ஊரில் இல்லை சார்” என்ற பதில் அறிக்கையில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதிரி வருகைகளில் வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? அலுவலர் நாற்காலியில் உட்காருவார். அம்மா காபி டம்ளரோடு நின்றுகொண்டே இருப்பார். “எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாய்?” என்று பையனிடம் கேட்டால் மாமா பதில் சொல்வார். “கூட யார் யார் சுற்றுவார்கள்?” என்றால் அக்கா பதில் சொல்வார். பையன் கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அரை மணி நேரத்தில் அலுவலர் கிளம்பிவிடுவார். அவர் யாரைப் பார்க்க வந்தாரோ அவனைத் தவிர எல்லோருடைய குரலையும் கேட்டிருப்பார். அப்படி ஆக விடாதீர்கள். தம்பியை அவர் எதிரில் உட்கார வையுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது, ஸ்டம்பை ஏன் எடுத்தான், இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். திக்கித் திணறினாலும் பரவாயில்லை. மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தினமும் இப்படிப்பட்ட வீடுகளுக்குள் போய் வருகிறவருக்கு, ஒப்பிப்பது எது, சொந்தமாகப் பேசுவது எது என்று தெரியாமல் போகாது.

குடிப்பதைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை விட அவனே சொன்னால் இன்னும் நல்லது. ஒர்க்‌ஷாப் முதலாளியிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரித்தால் எப்படியும் வெளியே வரப்போகிற விஷயம் இது. நீங்கள் மறைத்து அவர் கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன மற்ற நல்ல விஷயங்களும் சந்தேகத்துக்குள் போய்விடும். அந்த அறிக்கை ரகசியமானது என்று சட்டமே சொல்கிறது, தெருவுக்கு வராது. அதன் சாரத்தை வேண்டுமானால் உங்கள் தம்பிக்குத் தெரிவித்து, பதில் சொல்லவும் ஆதாரம் காட்டவும் நீதிமன்றம் வாய்ப்புத் தரலாம். குடிக்கக் கூடாது என்பதையே ஒரு நிபந்தனையாகப் போடவும் முடியும். உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பொருந்துகிற நிபந்தனை கிடைக்கும், அவனுக்கு அது உதவியாகவும் இருக்கும்.

‘சமூக சேவை’ தண்டனை கிடைக்குமா என்று வக்கீலைக் கேட்கத் தோன்றலாம். 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது வந்திருக்கிறது. ஆனால் சிறு திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வது என்று ஒரு சில குற்றங்களுக்குத்தான். அடிதடி அதில் வராது.

சரி, பிணை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உறவுக்காரர்கள் “கேஸ் முடிந்தது” என்பார்கள். முடியவில்லை. பிணை மூன்று வருடம் வரை இருக்கலாம். அலுவலரின் கண்காணிப்பில் வைத்தால் அது ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருக்கும். அந்தக் காலத்தில் நிபந்தனையை மீறினால், இன்று நிறுத்தி வைத்த தண்டனையை நீதிமன்றம் அன்றைக்குக் கொடுக்கலாம். முதல் தடவை மீறினால் 50 ரூபாய் வரை அபராதம் போட்டுவிட்டுப் பிணையைத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு. அதை நம்பி மெத்தனமாக இருக்கக் கூடாது. கண்டிஷன் பெயிலில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவது போல இதையும் நினைத்துவிட வேண்டாம். அவனுக்குப் பொருத்தமான வேலை கிடைக்க முயல்வதும் இந்த அலுவலரின் கடமைகளில் ஒன்று என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பிரச்சினை என்றால் அவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். வேலை நேரம் மாறினாலும், வீடு மாற்றினாலும், உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் போக முடியாவிட்டாலும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். சிறுசிறு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுத்தான் நல்ல பையன்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வருடம் வீட்டில் நீங்கள் எல்லோரும் போலீஸாக மாறிவிடவும் வேண்டாம். கண்காணிக்க ஒருவர் இருக்கிறார். உங்கள் வேலை அவனைக் காலையில் எழுப்பி வேலைக்கு அனுப்புவதும், சனிக்கிழமை இரவில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதும்தான்.

நாளைக்கு அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்ற கவலையும் உங்களுக்கு வரும். குற்றத் தீர்ப்பினால் ஏதாவது தகுதியிழப்பு வருமானால், நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு அது பொருந்தாது என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பே அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் உள்ளபடி எழுத வேண்டும். மறைத்தால் அதுவே தனிப் பிரச்சினையாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அடிபட்ட பையனைப் பற்றி அந்தத் தையலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவன் இப்போது எப்படி இருக்கிறான்? தழும்பு இருக்கிறதா? மருத்துவச் செலவை யார் பார்த்தார்கள்? பிணையில் விடும்போதே பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல், தம்பியின் சம்பளத்திலிருந்து மாதம் எவ்வளவு முடியும் என்று அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நீங்களாக அந்த வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், மிரட்ட வந்தார்கள் என்று ஆகிவிடும். வக்கீல் மூலமாகவே சொல்லி அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்குள் இதை வக்கீலிடம் பேசிவிட்டால், அன்றைக்கே அவர் நீதிமன்றத்தில் தெரிவிக்க முடியும்.