வி8 எஞ்சினும் சோம்பேறித்தனமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோல்ஸ்-ராய்ஸ் கார்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். பட்டியலை இணைத்திருக்கிறேன். 1998இல் நிறுவனம் விற்கப்பட்ட பிறகு வந்தவற்றை உண்மையான ரோல்ஸ்-ராய்ஸ் என்று சொல்லலாமா? அவர்களுடைய வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர் எஞ்சின்) அமெரிக்க நகல் என்கிறார்களே? 1959இல் செய்த எஞ்சினை 2020 வரை ஓட்டியது சோம்பேறித்தனம் அல்லவா?

க.

அன்புள்ள க.,

பட்டியலை முழுக்கப் படித்தேன். இந்த வயதில் இவ்வளவு பொறுமை அபூர்வம். நகல் என்பது வெறும் வதந்தி. ரோல்ஸ்-ராய்ஸின் பொறியாளர் ஜாக் ஃபிலிப்ஸும் குழுவும் வடிவமைத்த எஞ்சின் அது. ஜெனரல் மோட்டார்ஸிடம் உரிமம் வாங்கியது கியர்பாக்ஸுக்கு.

ஆனால் சோம்பேறித்தனமா? யோசித்துத்தான் எழுதினீர்களா?

பர்மிங்ஹாமில் ஒரு பழைய பட்டறையில் அந்த எஞ்சின் கொண்ட சில்வர் கிளவுட் II கார் ஒன்றுக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுவதைப் பார்த்தேன். பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். கிழவர் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினார். மட்கார்டுக்கு உள்ளே ஒரு தகட்டை அகற்றி, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். பிளக்குகள் புகைக்குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருந்தன. வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினார். 1965இல் அடுத்த மாடலான சில்வர் ஷேடோ வந்தபோது சிலிண்டர் தலையை மாற்றி அந்தப் பிளக்குகளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கோ ஒரு மெக்கானிக் திட்டியது ரோல்ஸ்-ராய்ஸின் க்ரூ தொழிற்சாலையில் யாருக்கோ கேட்டிருக்கிறது. உங்கள் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. வண்டியின் பெயரும் வருடமும் கதவின் வடிவமும்தான் இருக்கின்றன.

1970இல் பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டி 6.2 லிட்டரை 6.75 ஆக்கினார்கள். 1982இல், அதே தொழிற்சாலையில் செய்த பென்ட்லி முல்சானுக்காக டர்போ பொருத்தினார்கள். சிலிண்டர்களுக்கு இடையிலான தூரம் மட்டும் மாறவில்லை. மற்றதில் ஏறக்குறைய எல்லாமே மாறியது. 1998இல் பென்ட்லி ஆர்னாஜுக்கு பிஎம்டபிள்யூவின் புத்தம்புதிய 4.4 லிட்டர் எஞ்சினைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கிழட்டு எஞ்சின் திரும்பி வந்துவிட்டது! பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க யாராலும் முடியும். அறுபது வருடம் ஒரே பொருளின் குறைகளோடு மல்லுக்கட்டப் பிடிவாதம் வேண்டும். அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றால் எனக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தொழிற்சாலை ஃபோக்ஸ்வாகனுக்குப் போனது, பெயர் பிஎம்டபிள்யூவுக்கு. எது உண்மை என்று விற்பவர்கள் சண்டை போடட்டும். பெயரும் அந்த எஞ்சினும் ஒரே வண்டியில் இருந்தது 2002 வரை, க்ரூவில் செய்த கார்னிஷில். உங்கள் பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது. சேர்த்துவிடுங்கள்.