பேர் சொல்லாத 28 லட்சம் பேர்

வணக்கம் மேடம்,

பெண்கள் ஓட்டுக்காக ரெண்டு மூணு தலைமுறையா போராடினாங்கன்னு நீங்க எழுதினத படிச்சேன். எனக்கு ஒரு சந்தேகம். இங்கிலாந்துல முதல் உலகப் போர் சமயத்துல பெண்கள் ஃபேக்டரிக்கு போய் வேலை பாத்தாங்க, அந்த நன்றிக்குத்தான் ஓட்டு கொடுத்தாங்கன்னு சொல்றாங்க. இந்தியாவுல அரசியலமைப்பு வந்தப்பவே எல்லாருக்கும் சேத்து கொடுத்துட்டாங்க. அப்புறம் போராட்டம்னு எதச் சொல்றீங்க? என் பொண்ணு ஸ்கூல்ல இதப்பத்தி பேசப்போறா, அவளுக்கு சரியா சொல்லணும், அதான் கேக்குறேன். தப்பா நினைக்காதீங்க.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

தப்பா நினைக்க ஒண்ணுமே இல்ல, நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்விதான் இது. உங்க கடிதத்துல "கொடுத்தாங்க"ன்னு ரெண்டு தடவ வருது, எனக்கு அந்த வார்த்தைலதான் பிரச்சினை.

முதல்ல அந்த போர் கதைய பாத்துடலாம். குண்டு ஃபேக்டரில வெடிமருந்தக் கையாண்டு கையாண்டு தோலெல்லாம் மஞ்சளாப் போன பொண்ணுங்க இருந்தாங்க, அந்த நிறத்த வச்சு மஞ்சக் குருவின்னே அவங்களுக்கு பேர் வச்சாங்க. அவங்கள்ல நிறைய பேர் சின்ன வயசு. 1918ல வந்த சட்டம் என்ன சொல்லிச்சு? ஆம்பளைக்கு 21 வயசு ஆனா போதும், பொம்பளைக்கு 30 ஆகணும், அதோட அவ பேர்லயோ புருஷன் பேர்லயோ வீடு நிலம்னு ஒரு தகுதி வேற இருக்கணும். அப்போ அந்த மஞ்சத்தோல் பொண்ணுங்களுக்கு ஓட்டு இல்ல! நன்றிக்கடன்னா முதல்ல அவங்களுக்குல்ல வந்திருக்கணும்? போர்ல அத்தன ஆம்பளைங்க செத்துப்போயிருந்தாங்க, பொம்பளைங்களுக்கும் 21ன்னு வச்சா அவங்க ஓட்டு ஆம்பளைங்க ஓட்ட தாண்டிடும்ங்கிற பயம்தான் அந்த 30க்கு பின்னாடி இருந்துச்சு. சமமா 21 ஆனது 1928ல.

அதுவும் போர்லேர்ந்து ஆரம்பிச்ச கதை இல்ல. 1866லயே சுமார் 1,500 பெண்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தயார் பண்ணாங்க. எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் அத எடுத்துட்டு நாடாளுமன்றத்துக்கு போறாங்க, கையில அவ்ளோ பெரிய காகிதச் சுருளோட எல்லார் கண்ணும் படுற மாதிரி நிக்க கூச்சமா இருக்கு, அங்க ஆப்பிள் வித்துட்டிருந்த ஒரு அம்மாகிட்ட சொல்லி அவங்க கடைக்கு அடியில ஒளிச்சு வச்சாங்களாம். அவங்களுக்கு ஆதரவா இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில் வந்தப்புறம்தான் வெளிய எடுத்தது. இத எப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்ச அடைக்கும். ஓட்டு கேக்குறோம்ங்கிறத வெளிய காட்டவே கூச்சப்பட வேண்டியிருந்த காலம் அது. அங்கேர்ந்து ஜெயில், உண்ணாவிரதம், மூக்கு வழியா ட்யூப் விட்டு வலுக்கட்டாயமா சாப்பாடு ஊத்தினதுன்னு ஐம்பது வருஷத்துக்கு மேல ஓடினப்புறம்தான் 1918 வருது.

நியூசிலாந்து இன்னும் முன்னாடி, 1893. அங்க கேட் ஷெப்பர்டும் அவங்களோட இருந்தவங்களும் ஊர் ஊரா வீடு வீடா போய் கையெழுத்து வாங்கினாங்க. 1891ல 9,000 சொச்சம், பத்தலன்னுட்டாங்க. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட 20,000, அதுவும் பத்தல. 1893ல ஏறக்குறைய 32,000. வந்த தாள்ல பெரும்பாலானத ஒண்ணோட ஒண்ணு பசை போட்டு ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டை துண்டுல சுத்தினாங்க. 270 மீட்டர் நீளம்! ஜான் ஹால்ங்கிற உறுப்பினர் அத சபை நடுவுல உருட்டி விட்டாரு, அது விரிஞ்சுகிட்டே போய் எதிர் சுவத்துல டொம்முனு மோதி நின்னுச்சு. அதுக்கப்புறமும் மேல்சபைல 20க்கு 18ன்னு நூலிழைலதான் பாஸ் ஆச்சு.

இப்ப இந்தியாவுக்கு வருவோம். 1950ல சும்மா வந்ததுன்னு நினைக்கிறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 1917 டிசம்பர்ல பிரிட்டிஷ் அரசுல இந்தியாவுக்கான அமைச்சரா இருந்த மாண்டேகு சென்னை வந்தப்போ சரோஜினி நாயுடு தலைமைல பெண்கள் குழு ஒண்ணு போய் அவர நேர்ல பாத்து ஓட்டு கேட்டுச்சு. அப்புறம் யாருக்கெல்லாம் ஓட்டுன்னு ஆராய வந்த கமிட்டி, இந்தியாவுல பெண்களுக்கு ஓட்டு கொடுக்க இன்னும் காலம் வரலன்னு எழுதிட்டுப் போச்சு. மாகாணங்க வேணும்னா முடிவு பண்ணிக்கலாம்னு 1919 சட்டம் விட்டுடுச்சு. 1921ல சென்னை மாகாணம் முதல்ல பண்ணுச்சு, ஆனா சொத்து இருக்கணும், வரி கட்டணும். தன் பேர்ல சொத்து எத்தன பொம்பளைகிட்ட அப்ப இருந்துச்சு? நூத்துல ஒருத்தி கூட தேறல. 1935 சட்டத்துல புருஷனோட தகுதிய வச்சும் படிப்ப வச்சும் கொஞ்சம் விரிஞ்சுச்சு, அதுவும் பெண்கள் அமைப்புங்க விடாம கேட்டுக் கேட்டு. எல்லாருக்கும் வேணும், நிபந்தனையே கூடாதுன்னு அவங்க அப்பவே சொல்லிட்டுத்தான் இருந்தாங்க.

அரசியலமைப்புல எல்லாருக்கும் ஓட்டுன்னு வந்ததும் முடிஞ்சு போச்சான்னா, அதான் இல்ல. முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கிறாங்க. கதவத் தட்டி பேர் கேட்டா, நிறைய வீடுகள்ல அந்தம்மா தன் பேர சொல்லல. அறியாத ஆள்கிட்ட பொம்பளை பேர் சொல்லக்கூடாது. இன்னாரோட அம்மா, இன்னாரோட சம்சாரம், அவ்ளோதான். வந்தவரும் அப்படியே எழுதிட்டுப் போயிட்டாரு. சுகுமார் சென்தான் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். சொந்தப் பேர் இல்லாம பட்டியல்ல சேக்க முடியாதுன்னு அவர் உறுதியா நின்னாரு. கடைசில கிட்டத்தட்ட 8 கோடி பெண் வாக்காளர்கள்ல சுமார் 28 லட்சம் பேர் பட்டியல்லேர்ந்து விடுபட்டுப் போனாங்க, பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம்.

அவர் பண்ணது சரியான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். 28 லட்சம் பேர் ஓட்டு போட முடியாம போனது சின்ன விஷயம் இல்ல. ஆனா இன்னாரோட சம்சாரம்னே அச்சடிச்சு விட்டிருந்தா அந்த ஓட்டு அவளோடதா இருந்திருக்காது, வீட்டு ஆம்பளையோட இன்னொரு ஓட்டா போயிருக்கும். சரின்னுதான் நான் நினைக்கிறேன், வலிச்சாலும்.

உங்க பொண்ணுக்கு ஒண்ணு சொல்லுங்க. பீகார்ல பேர் சேக்க ஒரு மாசம் கூடுதலா டைம் கொடுத்தாங்க. அந்த ஒரு மாசத்துல நிறைய பேர் தன் பேர சொல்லி எழுத வச்சாங்க, வெளியாள்கிட்ட அதுவரைக்கும் ஒரு தடவ கூட சொல்லாத பேர. பேச்ச அங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும், நேரம் இருந்தா அந்த ஆப்பிள் கடையையும் சேத்துக்கட்டும்.

அன்புடன்.